எந்தப் பக்கம்?

சைக்கிளில் ஊர் சுற்றியவர்கள் எழுதுகிற கட்டுரைகளில் ஒரு சங்கதி தவறாமல் வரும். முன்பின் தெரியாத ஊரில் யாரோ ஒருவர் கூப்பிட்டுத் தண்ணி கொடுத்திருப்பார், சோறு போட்டிருப்பார், திண்ணையில் படுக்க இடம் விட்டிருப்பார். மனுசத்தன்மை இன்னும் சாகவில்லை என்று கட்டுரை முடியும். அது பொய் என்று சொல்லமாட்டேன். ஆனால் எழுதியவர் எந்தத் தெருக்காரர் என்பது மட்டும் அதில் இருக்காது. நம்ம சனங்களில் ஒருத்தன் அதே ரோட்டில் சைக்கிள் மிதித்தால் என்ன நடக்கும்? அதைத்தான் எழுத வந்தேன்.

எங்க பக்கத்தில் சைக்கிள் வெறும் வண்டி இல்லை. காலனியிலிருந்து கள்ளக்குறிச்சி போக வேண்டுமானால் ஊர்த்தெரு வழியாகத்தான் போகணும். ஊர்த்தெருவின் முதல் வீடு வருகிற இடத்தில் எங்கப்பா இறங்கிவிடுவார். செருப்பைக் கழற்றி ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு கடைசி வீடு தாண்டுகிற வரைக்கும் தள்ளிக்கொண்டே போவார். அது மணிக்கணக்கில் எடுத்த வாடகை சைக்கிள். தள்ளிக்கொண்டு நடந்த நேரத்துக்கும் சேர்த்துத்தான் காசு கொடுத்தார்.

இதெல்லாம் பழங்கதை என்று யாராவது சொன்னால் அவர்களைச் சட்டப் புத்தகத்தைத் திறக்கச் சொல்லுங்கள். தீண்டாமையை ஒழித்த அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1950இல். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்தது 1989இல். அதுவும் போதாமல் 2015இல் அந்தச் சட்டத்தைத் திருத்தினார்கள். தலித்துகளும் பழங்குடிகளும் பொது இடத்தில் சைக்கிள், மோட்டார் சைக்கிள் ஓட்டுவதைத் தடுத்தால் குற்றம், செருப்புப் போடுவதை, புதுத்துணி உடுத்துவதைத் தடுத்தால் குற்றம் என்று பேர் சொல்லியே எழுதினார்கள். 2016 ஜனவரி 26 முதல் அது அமலில் இருக்கிறது. ஒரு குடியரசு, சைக்கிளின் பேரைச் சட்டத்தில் எழுத வேண்டி வந்திருக்கிறது.

1996 ஐப்பசியில் நாங்கள் மூணு பேர் சைக்கிளில் கிளம்பினோம். மூணு பேரும் காலனிப் பையன்கள், படித்துக்கொண்டிருந்தவர்கள். கள்ளக்குறிச்சி அப்போது விழுப்புரம் மாவட்டத்தில் இருந்தது. தனி மாவட்டமானது 2019இல்தான். சின்னசேலம், கச்சிராயபாளையம், கோமுகி அணை, அங்கிருந்து கல்வராயன் மலை ஏறி வெள்ளிமலை. போகிற வழியில் இருக்கிற சேரிகளில் படிப்பு உதவித்தொகை பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்வது, நோட்டீஸ் கொடுப்பது, இதுதான் வேலை.

கரும்பு வயல்களுக்கு நடுவில் ஒரு ஊர். நல்ல வெயில். ஒரு பெரியம்மா வாசல் தெளித்துக்கொண்டிருந்தது. "தண்ணி குடுங்கம்மா" என்றோம். "ஐயோ, காஞ்சி போயி வந்திருக்கீங்களே புள்ளைங்களா" என்று உள்ளே போய்ப் பித்தளைச் சொம்பு நிறையக் கொண்டுவந்தது. என் கூட்டாளி வாங்கிக் குடிக்கிற நேரத்தில்தான் கேட்டது: "எந்த ஊரு?" சொன்னோம். "ஊர்ல எந்தப் பக்கம்?" அதையும் சொன்னோம். அந்த முகம் மாறினதை எப்படி எழுதுவது? திட்டவில்லை, கத்தவில்லை. "சொம்ப அங்கியே வச்சிட்டுப் போங்க" என்று மட்டும் சொன்னது. நாங்கள் தெருமுனை திரும்பும்போது பார்த்தால், சொம்பு திண்ணைக்குக் கீழே வைத்த இடத்திலேயே இருந்தது. புளி போட்டுத் தேய்க்க ஆள் வரணும் போல.

அந்தம்மாவுக்கு இரக்கம் இல்லை என்று சொல்ல முடியுமா? இருந்தது. நாங்கள் யார் என்று அது மனசுக்குள் நினைத்துக்கொண்டதோ, அந்த ஆளுக்காக இருந்தது.

அண்ணல் அம்பேத்கர் தன் பிள்ளைப் பிராயத்தில் நடந்ததை எழுதி வைத்திருக்கிறார். 1901இல் கோரேகாவில் வேலை பார்த்த அப்பாவைப் பார்க்க அண்ணனோடும் அக்கா பிள்ளைகளோடும் ரயிலில் போய் மசூர் ஸ்டேஷனில் இறங்குகிறார். நல்ல உடுப்பு. கூட்டிப் போக ஆள் வரவில்லை. ஸ்டேஷன் மாஸ்டர் பரிவோடு விசாரிக்கிறார். 'மகர்' என்ற சொல் காதில் விழுந்ததும் முகம் மாறி உள்ளே போய்விடுகிறார். பிறகு அவரே திரும்பி வந்து வண்டி பேசிக் கொடுக்கவும் செய்கிறார். இரட்டை வாடகை, மாட்டைப் பிள்ளைகளே ஓட்ட வேண்டும், வண்டிக்காரன் கூடவே நடந்து வருவான். கட்டிக்கொண்டு போன சாப்பாடு கையில் இருந்தும், குடிக்கத் தண்ணி தர ஆளில்லாமல் பசியோடு படுத்தார்கள். மராட்டிய தேசத்து அந்த ஸ்டேஷனுக்கும் எங்க கரும்புக்காட்டு ஊருக்கும் நடுவில் ஏறக்குறைய நூறு வருசம். கேள்வி மட்டும் அதேதான்.

மலை ஏறுகிற பாதையில் எங்களுக்கு மழை பிடித்துக்கொண்டது. சைக்கிளை மிதிக்க முடியாது, தள்ளத்தான் முடியும். இருட்டுகிற நேரத்தில் ஒரு மலையாளி வீட்டுத் தாழ்வாரத்தில் ஒதுங்கினோம். கேரளத்து மலையாளி இல்லை. காஞ்சிபுரத்திலிருந்து மூணு அண்ணன் தம்பிகள் கிளம்பி வந்து மலைகளில் குடியேறினார்கள், அவர்கள் வழி வந்தவர்கள் நாங்கள் என்று சொல்கிற பழங்குடி சனம். தங்களை உசந்த குடி என்று நினைக்கிறவர்களும் அவர்களில் உண்டு. அதனால் அங்கேயும் அந்தக் கேள்வி வந்தது. பெரியவர் கேட்டார்: "நீங்க என்ன சனம்?"

"பறையருங்க" என்றேன்.

கொஞ்ச நேரம் மழைச் சத்தம் மட்டும்தான். பிறகு உள்ளே பார்த்து, "மூணு பேருக்குச் சேத்து வடி" என்றார். சாமைச் சோறும் அவரைக்காய்க் குழம்பும் வந்தது. இலையில்தான் போட்டார்கள். தாழ்வாரத்தில்தான் படுத்தோம், உள்ளே கூப்பிடவில்லை. இதையும் மறைக்காமல் எழுதணும். ஆனால் அந்தப் பெரியவரும் எங்களோடு தாழ்வாரத்திலேயே உட்கார்ந்து, அதே சோற்றை இலையில் சாப்பிட்டார். ஜாகிர்தார் காலத்துக் கதையைச் சொன்னார். 1976 வரைக்கும் கல்வராயன் மலை ஜாகிர்தார்கள் கையில் இருந்தது. கூலியில்லாமல் அவர்களுக்கு உழைத்ததையும், அவர்கள் முன்னால் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு குனிந்து நின்றதையும் சொன்னார். "குனிஞ்சி நின்னவனுக்குத் தெரியும்பா" என்றார். வேறு விளக்கம் எதுவும் சொல்லவில்லை.

அந்தச் சொம்புத் தண்ணியையும் இந்தச் சாமைச் சோற்றையும் நான் ஒரே கணக்கில் எழுதமாட்டேன். கேள்விக்கு முன்னால் வந்த தண்ணி எங்களுக்கு வந்தது இல்லை. கேள்விக்குப் பின்னால் வந்த சோறு, அரைகுறையாக இருந்தாலும், எங்களுக்கே வந்தது.

வழியில் சேரிகளில் நாங்கள் சாப்பிட்டது தனிக்கதை. ஒரு கூலிக்கார அக்கா மறுநாளைக்கு வைத்திருந்த கேழ்வரகு மாவை எங்களுக்காகக் கிண்டிப் போட்டது. அதுவும் 'எந்த ஊரு' என்று கேட்டது. ஆனால் ஒதுக்கக் கேட்ட கேள்வி இல்லை அது. "அங்க எங்க சின்னம்மாவ கட்டிக் குடுத்திருக்கு, தெரியுமா?" என்று உறவு தேடிக் கேட்டது.

இன்றைக்கு எங்க காலனிப் பிள்ளைகள் ஊர்த்தெரு வழியாக மோட்டார் சைக்கிளில் இறங்காமல்தான் போகிறார்கள். அது யாருடைய இரக்கத்தாலும் வந்தது இல்லை. அடி வாங்கி, கேஸ் நடத்தி, பிடிவாதமாக ஓட்டி ஓட்டி வந்தது. ரோட்டில் போவது உரிமை. அதில் தயவுக்கு வேலையில்லை. தண்ணியும் சோறும் வேறு. அது மனுசனுக்கு மனுசன் கொடுப்பது, எங்களுக்கும் வேண்டியது.

ஊர் சுற்றக் கிளம்புகிற தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்கிறேன். போங்கள், எழுதுங்கள். யார் தண்ணி கொடுத்தார்கள் என்று எழுதும்போது, அந்தக் கேள்வி வந்ததா, தண்ணி அதற்கு முன்னாலா பின்னாலா என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்.