ரூபி அம்மையார் கேட்ட இரைச்சல்

சூரியனில் பெரிய வெடிப்பு ஏற்பட்டால் அதிலிருந்து ஓர் அதிர்ச்சி அலை கரோனா வழியாக மேலே பாயும். இதை முதலில் கண்ணால் பார்க்கவில்லை, ரேடியோவில் கேட்டார்கள். (கரோனா என்றதும் முகக்கவசத்தைத் தேட வேண்டாம். நான் படித்த பிரெஞ்சுப் பள்ளியில் 'கூரோன்' என்றால் மகுடம். சூரியனைச் சுற்றியுள்ள மெல்லிய வெளி மண்டலத்துக்கு அந்தப் பெயர்தான்.)

1947 மார்ச்சில் சிட்னியின் டோவர் ஹைட்ஸ் பகுதியில் ரூபி பெயின்-ஸ்காட் என்ற அம்மையாரும் சக விஞ்ஞானிகள் இருவரும் 200, 100, 60 மெகாஹெர்ட்ஸ் என மூன்று அலைவரிசைகளில் சூரியனைக் கவனித்தார்கள். திடீரென்று பெரிய இரைச்சல். முதலில் 200இல், சில நிமிடம் கழித்து 100இல், அதற்கும் பிறகு 60இல். ரேடியோ அலைகள் எல்லாமே எட்டு நிமிடத்தில் பூமிக்கு வந்துவிடுபவை. பிறகு ஏன் இந்தத் தாமதம்?

கரோனாவின் அடிப்பகுதி அடர்த்தியானது. அங்கே எழும் இரைச்சலின் அலைவரிசை அதிகம். மேலே போகப்போக அடர்த்தி குறையும், அலைவரிசையும் இறங்கும். ஆக, ஏதோ ஒன்று படிப்படியாக மேலே ஏறுகிறது! அதுதான் அதிர்ச்சி அலை என்பது பின்னால் தெளிவானது. வினாடிக்குச் சுமார் 1000 கி.மீ. கூடப் போகும். அங்கே சாதாரண அலை செல்லும் வேகத்தை இது மிஞ்சிவிடுவதால், முன்னால் இருக்கும் பிளாஸ்மாவுக்கு விலக அவகாசம் கிடையாது, நசுங்கிவிடும். ஒலியை முந்தும் ஜெட் விமானம் எழுப்பும் 'டமார்' சத்தமும் இதே கதைதான். 1960இல் மோர்ட்டன் என்பவர் சூரியனின் கீழ் மண்டலத்தில் அலை ஒன்று பரவுவதைப் படத்தில் கண்டார். அது கரோனா அலையின் முந்தானை கீழே உரசிப் போகும் தடம் என்று 1968இல் ஜப்பானியரான உச்சிடா விளக்கினார்.

சர்வீஸ் ரிஜிஸ்டர்களோடு காலம் தள்ளியவன் நான். ரூபியின் கதையில் என்னை உறுத்துவது வேறு. அன்றைய ஆஸ்திரேலிய அரசு விதிப்படி, திருமணமான பெண் நிரந்தரப் பணியில் இருக்கக் கூடாது. 1944இல் கல்யாணம் செய்துகொண்ட அவர் அதை வெளியே சொல்லவில்லை. 1950இல் விஷயம் தெரிந்ததும் தற்காலிகப் பணியாளராக இறக்கிவிட்டார்கள். அடுத்த ஆண்டு கர்ப்பிணி. பிரசவ விடுப்பு என்ற ஒன்றே இல்லாததால் வேலையை விட்டார். விதியை அமல்படுத்திய குமாஸ்தாவை நான் குறை சொல்ல மாட்டேன். விதியை எழுதிய கையைச் சொல்வேன். பிற்காலத்தில் பள்ளி ஆசிரியையாக இருந்த அந்த அம்மையார், வானொலி ஆய்வுக்குத் திரும்பவே இல்லை. விதியை 1966இல் எடுத்தார்கள்.