கன்றுக்கு விட்ட பால்

பால் வாங்கி வருவது சிறுவயதில் என் வேலை. விடிவதற்குள் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு கம்போங் புவா பாலாவுக்கு ஓடுவேன். பினாங்கில் குளுகோர் பக்கம் இருந்த தமிழர் கிராமம் அது; கிராமத்தை நாங்கள் கம்பம் என்போம். கொசுவை விரட்டத் தொழுவத்தில் தேங்காய் மட்டையைப் புகைய விட்டிருப்பார்கள். தென்னை மரங்களுக்கு அடியில் அந்தப் புகை கலையாமல் நிற்கும். சாணமும் பச்சைப்புல்லும் புகையும் கலந்த அந்த வாசனைதான் எனக்குக் காலை.

பாட்டி ஒருவர் குத்துக்காலிட்டுக் கறப்பார். முதல் பால் வெறும் வாளியில் சர் சர்ரென்று அடிக்கும். நுரை ஏற ஏற அந்தச் சத்தம் மெல்ல அடங்கும். சட்டியை நீட்டினால், "இருய்யா, கன்னு குடிக்கட்டும். அதுக்கு விடாமக் கறந்தா பாவம்" என்பார். கயிற்றை அவிழ்த்ததும் கன்று தாவி வந்து மடியை முட்டும். அது குடித்து முடிக்கும்வரை காத்திருந்துதான் எனக்கு ஊற்றுவார்.

மாடுகள் திரிந்த இடம் என்பதால், தொலைக்காட்சியில் வந்த கௌபாய் தொடரின் பெயரையே வைத்து ஊரார் அதை 'ஹை சப்பரல்' என்பார்கள். புவா பாலா என்றால் மலாயில் ஜாதிக்காய். அந்த வட்டாரத்தில் டேவிட் பிரவுன் என்ற வெள்ளைக்காரர் பெருந்தோட்டம் போட்டவர். 1825இல் இறந்த அவருக்கு ஜார்ஜ் டவுனில் ஒரு திடலில் இன்றும் நினைவுச் சின்னம் நிற்கிறது. பிரவுன் குடும்பத் தோட்டத்தில் உழைத்தவர்களின் வாரிசுகள்தான் கம்பத்தார். தங்கள் முன்னோருக்கென்று அந்தக் குடும்பம் விட்டுச்சென்ற மண் அது என்று உறுதியாக நம்பினார்கள்.

அடுக்குமாடி கட்ட நிலம் கைமாறிய பிறகு வழக்கு நீதிமன்றப் படிகளில் ஏறி இறங்கியது. 2009இல் கடைசிப் படியிலும் கம்பத்தார் தோற்றார்கள். மண்வாரி இயந்திரங்கள் வந்தபோது ஆணும் பெண்ணும் கைகோத்து மறித்து நின்றார்கள். பால் பீச்சிக் காய்ப்பேறிய கைகளும் அந்த வரிசையில் இருந்திருக்கும். செப்டம்பரில் பலகை வீடுகள் நொறுங்கின.

அடுக்குமாடி கட்ட வந்தவர்கள் மாற்று வீடு தருவதாகச் சொன்னார்கள். பிள்ளைகளின் எதிர்காலத்தை எண்ணிப் பலர் ஒப்புக்கொண்டார்கள். சிலர் கடைசிவரை இறங்கி வரவில்லை. இரண்டு பக்கத்தாரையும் குறைசொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் இரட்டை மாடி வரிசை வீட்டில் மாட்டை எங்கே கட்டுவது? வீட்டை மட்டும்தான் கணக்கில் எடுத்தார்கள். தொழுவம், மேய்ச்சல் தரை, அண்டை வீட்டுக்குக் குறுக்கே போகும் ஒற்றையடிப் பாதை, விடியலில் சட்டியோடு வரும் பக்கத்துத் தெருப் பிள்ளை, இதெல்லாம் சேர்ந்ததுதான் கம்பம் என்று கம்பத்தார் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை.

இப்போது அங்கே அடுக்குமாடி நிற்கிறது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் தென்னந்தலைகளைத் தேடி என் கண் தானாக மேலே போகும்.

பொங்கலன்று பெட்டிப் பாலைக் கத்தரித்துப் பானையில் ஊற்றுகிறேன். சத்தமில்லாமல் இறங்குகிறது. பொங்கி வழியும்போது வீடே கூவுகிறது, நானும் கூவுகிறேன். மறுநாள் மாட்டுப் பொங்கல். மஞ்சள் பூசிய கொம்பைக் காட்டப் பேரப்பிள்ளையை எங்கே அழைத்துப் போவது என்று தெரியாமல், அந்தப் பாட்டியையும் கன்றையும் பற்றிக் கதை சொல்கிறேன்.