மஞ்சள் வைரமும் ஈப்போ மணலும்

ஈப்போவுக்கு வருகிறவர்கள் போகிற இடங்கள் பெரும்பாலும் ஒன்றுதான். வெள்ளைக் காப்பிக் கடை, புந்தோங் கச்சான் பூத்தே, கல்லுமலை முருகன் கோயில், பழைய நகரத்துச் சுவரோவியங்கள். அடுத்த முறை போகும்போது ஜாலான் சுல்தான் அஸ்லான் ஷாவில் இருக்கும் நிலவியல் அருங்காட்சியகத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அரசாங்கத் துறையின் கீழ் இயங்குவதால் வேலை நாளில் போவது நல்லது. ‘இது வைரம்’ என்று சொல்லிக் கொடுக்கப்பட்ட கல் உங்கள் வீட்டு நகைப்பெட்டியில் இருந்தால், அவசியம் போங்கள்.

பேராக்கின் கிந்தா பள்ளத்தாக்கு ஈயத்தால் வளர்ந்தது. ஈய லம்பங்களில் தாதுவைப் பிரித்த பிறகு மிஞ்சும் கனமான மணலுக்கு ‘அமாங்’ என்று பெயர். அதில் இல்மனைட், மோனசைட், செனோடைம் ஆகியவற்றோடு ஜிர்கான் என்ற கனிமமும் கலந்திருக்கும். இங்கே கிடைப்பது பெரும்பாலும் மணல் துகள். அதே ஜிர்கான் இலங்கையிலும் தாய்லாந்திலும் கம்போடியாவிலும் நகைக்கு ஏற்ற பெரிய கல்லாகவே கிடைக்கிறது. இலங்கையின் நிறமற்ற ஜிர்கானுக்கு ‘மாத்தறை வைரம்’ என்றே ஒரு பெயர் உண்டு. வைரமில்லாத கல்லுக்கு வைரப் பெயர் வைப்பது புதுப் பழக்கமில்லை.

என் அத்தையின் மோதிரத்துக்கும் அப்படித்தான் பெயர் வந்தது.

தாத்தா சுங்கை சிப்புட் பக்கம் ஒரு கித்தா தோட்டத்தில் கிராணியாக இருந்தவர். 1968இல் காலமானார். அவர் விட்டுப்போன மோதிரத்தில் பட்டாணி அளவில் தேன் நிறக் கல். ‘மஞ்சள் வைரம்’ என்று குடும்பமே சொல்லும். தோட்டம் கைமாறி, கித்தா போய்ச் செம்பனை வந்து, லயத்து வீட்டைக் காலி செய்தபோதும் அத்தை அதை விற்கவில்லை. இப்போது பேத்திக்குத் தாதியர் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. மாதக் கடைசிக்குள் கட்டணம் கட்ட வேண்டும். “வா கண்ணு, ஈப்போவுல காட்டிட்டு வருவோம்” என்றார்.

ஜாலான் லஹாட் பக்கம் ஒரு நகைக்கடை. பெரியவர் ஒருவர் கல்லை முதலில் ஈரத் துணியால் துடைத்தார். வைரம் பார்க்கும் பேனாக் கருவியின் முனையை அதன்மேல் வைத்தார். கருவி சும்மா இருந்தது. பிறகு பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸை என் கையில் கொடுத்து, “மேலேருந்து பார்க்காதீங்க. சாய்ச்சு, கல்லோட அடிப்பக்கக் கோடுகளைப் பாருங்க” என்றார். ஒவ்வொரு கோடும் இரண்டாகத் தெரிந்தது. பட்டைகளின் விளிம்புகள் தேய்ந்திருந்தன.

“வைரத்துல கோடு ரெண்டாத் தெரியாதும்மா. இது ஜிர்கான்.”

அத்தை கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “அப்பா பொய் சொல்ற ஆளில்லைங்க” என்றார்.

“பொய் இல்லம்மா. அவருக்கு வித்தவன் என்ன சொன்னானோ, அதைத்தான் அவரும் சொல்லியிருப்பாரு.”

அந்தப் பெரியவர் செய்த மூன்று சோதனைகளையும் புரிந்துகொள்வது நல்லது. பேனாக் கருவி வெப்பம் கடத்தும் வேகத்தை அளக்கிறது. வைரம் வெப்பத்தை மிக விரைவாகக் கடத்தும். ஜிர்கான், புஷ்பராகம், கண்ணாடி எதுவும் அதற்கு ஈடாகாது. இரண்டாவது, ஜிர்கானுக்குள் போகும் ஒளி இரண்டாகப் பிரிகிறது. அதனால்தான் அடிக்கோடுகள் இரட்டையாகின்றன. மூன்றாவது, கடினம். வைரம் 10 என்றால் ஜிர்கான் ஏறக்குறைய 7.5. பல வருடம் கையில் கிடந்தால் அதன் விளிம்பு மழுங்கும்.

நகையின் வயதும் சாட்சி சொல்லும். ‘அமெரிக்கன் டைமண்ட்’ என்று விற்கப்படும் கியூபிக் ஜிர்கோனியா 1970களின் பின்பாதியில்தான் சந்தைக்கு வந்தது. பெயர் ஒத்திருந்தாலும் அது இயற்கை ஜிர்கான் இல்லை, மனிதர் செய்தது. மொய்சனைட் நகைக்கு வந்தது 1990களின் இறுதியில். எனவே தாத்தா காலத்துக் கல்லை இவை இரண்டாகவும் சந்தேகிக்க வேண்டியதில்லை. நேற்று இணையத்தில் வாங்கிய கல் என்றால் இரண்டையும் சந்தேகிக்கத்தான் வேண்டும். குறிப்பாக மொய்சனைட், வெப்பம் பார்க்கும் கருவியையே ‘வைரம்’ என்று சொல்ல வைத்துவிடும். அதுவும் கோட்டை இரட்டையாகக் காட்டும் என்பதால், லென்ஸில் பெரும்பாலும் பிடிபடும்.

நிறம் வந்தால் குழப்பம் கூடுகிறது. நம் பாட்டிமார் பெருமையாகச் சொல்லும் ‘புளூ ஜாகர்’ தோடு நீல வைரம் இல்லை. தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்பொன்டைன் சுரங்கத்தின் பெயரால் வந்தது அது. வெள்ளை வைரத்தில் வெயில் பட்டால் இலேசான நீல ஓட்டம் தெரியும், அவ்வளவுதான். உண்மையான நீல வைரம் மிக அரிது. ஆந்திர மண்ணின் கொல்லூரில் கிடைத்ததாகக் கருதப்படும் ஹோப் வைரம் 45.52 காரட். இப்போது வாஷிங்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் நீலத்துக்குக் காரணம் போரான். போரான் உள்ள வைரம் மின்சாரத்தையும் கடத்தும். மின்கடத்தலை வைத்து மொய்சனைட்டைப் பிடிக்கும் கருவி, நிஜமான நீல வைரத்தையே போலி என்று காட்டிவிடலாம்!

மஞ்சளுக்குக் காரணம் நைட்ரஜன். ஆனால் மஞ்சள் புஷ்பராகமும் சிட்ரினும் பார்வைக்கு அதே மஞ்சள்தான். இளஞ்சிவப்பு வைரங்களுக்குப் பேர்போன ஆஸ்திரேலியாவின் ஆர்கைல் சுரங்கம் 2020இல் மூடப்பட்டது. அந்த நிறத்தில் மலிவாகக் கிடைத்தால் ஸ்பினலா, நீலக்கல் இனத்தின் இளஞ்சிவப்பு வகையா என்று கேளுங்கள். வைரமே என்றாலும் கேள்வி முடியவில்லை. ஆய்வுக்கூடத்தில் வளர்த்ததா? கதிர்வீச்சிலோ சூட்டிலோ நிறம் ஏற்றியதா? இதற்குக் கண்ணும் போதாது, லென்ஸும் போதாது. நிறம் இயற்கையானதா என்பதைக் குறிப்பிடும் ஜிஐஏ போன்ற ஆய்வுக்கூடச் சான்றிதழ் வேண்டும். நிச்சயதார்த்த மோதிரத்துக்குப் பல மாதச் சம்பளத்தைக் கொடுக்கும் தம்பி தங்கைகளே, கல்லைப் பார்க்கும் முன் அந்தத் தாளைப் பாருங்கள்.

பழைய நகை என்றால் ஒன்று கூடுதல். அடிப்பக்கம் மூடிப் பதித்த கல்லில், நீங்கள் பார்க்கும் நிறம் உள்ளே வைத்த தகட்டுடையதாகவும் இருக்கலாம். கல்லைக் கழற்றாமல் முடிவு சொல்கிறவரை நம்ப வேண்டாம். கண்ணாடியில் கீறிப் பார்க்கும் வேலையும் வேண்டாம். ஜிர்கானும் கீறும், சாதாரணப் படிகக்கல்லும் கீறும்.

கடைக்காரர் மோதிரத்துக்குத் தங்கத்தின் எடைக்கு மட்டும் விலை சொன்னார். அத்தை மோதிரத்தை வாங்கி விரலில் மாட்டிக்கொண்டு, கையிலிருந்த இரண்டு வளையல்களைக் கழற்றித் தராசில் வைத்தார். கட்டணத்துக்கு இன்னும் கொஞ்சம் குறைந்தது. அதை என் தம்பியும் நானும் போட்டோம்.

சுங்கை சிப்புட்டில் அத்தையை விடும்போது பழைய தோட்டத்து வழியாகப் போகச் சொன்னார். லயம் இருந்த இடம் முழுக்கச் செம்பனை. கோயில் மட்டும் நிற்கிறது. காரிலிருந்தபடியே கும்பிட்டார். வீட்டுக்குப் போனதும் பேத்தியை அழைத்து, ஒரு துண்டுத் தாளில் எழுதச் சொன்னார்: “ஜிர்கான். மஞ்சள். கிராணித் தாத்தாவுடையது.” எழுத்துக்கூட்டி ஒருமுறை வாசித்துப் பார்த்துவிட்டு, தாளை மடித்து மோதிரப் பெட்டிக்குள் வைத்தார்.