சீகிரியா வீதியில் இரண்டு மோட்டார் சைக்கிள்கள்

இலங்கையின் அதிவேக நெடுஞ்சாலைகளில் மோட்டார் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. 2011இல் தெற்கு நெடுஞ்சாலை திறந்ததிலிருந்து இதுதான் நடைமுறை. மற்ற வீதிகளில் உச்ச வேகம் மணிக்கு 70 கிலோமீற்றர். தூரப் பயணத்துக்கென்று மோட்டார் சைக்கிள் தேடுகிறவர்கள் முதலில் நினைவில் வைக்க வேண்டியவை இவை இரண்டும்தான். ஆனால் யாழ்ப்பாணத்தில் எந்தக் கராஜில் பேச்செடுத்தாலும் முதல் கேள்வி, “எவ்வளவு ஓடும்?” என்பதுதான். ஓட்டவே முடியாத வேகத்தை வைத்து வண்டிக்கு விலை பேசுகிறோம். இது எனக்கு நெடுநாளாகவே உறுத்திக்கொண்டிருந்த விடயம்.

தூரம் ஓடவும் வேண்டும், வளைவில் வேகமாகத் திரும்பவும் வேண்டும் என்ற இரட்டை ஆசைக்குப் பிறந்தவைதான் ஸ்போர்ட் டூரிங் வண்டிகள். 1976இல் வந்த பிஎம்டபிள்யூ ஆர்100ஆர்எஸ்ஸின் முழுக் கவசத்தைக் காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சோதித்து வடிவமைத்தார்கள். வேக எல்லையே இல்லாத ஜெர்மன் நெடுஞ்சாலையில் மணிக்கணக்காக ஓடுகிறவனின் நெஞ்சில் காற்று மோதக்கூடாது என்பது அதன் நோக்கம். பிறகு ஹொண்டா எஸ்டி1300, யமஹா எஃப்ஜேஆர்1300 என்று போட்டி வளர்ந்தது. கனடாவில் இருக்கும் என் பள்ளித் தோழன் இந்த இரண்டில் எது நல்லது என்று தொலைபேசியில் மணிக்கணக்காகப் பேசுவான். அவனுடைய வீதிக்கு அது சரியான கேள்வி. எங்கள் வீதிக்கு 1300 சிசி தேவைப்படுவதில்லை. இங்கே அந்தப் போட்டி 150 சிசி அளவில் நடக்கிறது.

வாங்குவதற்கு என் முன்னால் இருந்த இரண்டும் அப்படிப்பட்டவை. ஒன்று சுசுகி ஜிக்சர் எஸ்எஃப்: முழுக் கவசம், 155 சிசி, 139 கிலோ. மற்றது யமஹா ஃபேசர் எஃப்ஐ: அரைக் கவசம், 149 சிசி, 137 கிலோ. இரண்டுக்கும் ஐந்து கியர், இரண்டிலும் 12 லீற்றர் தாங்கி, ரயர் அளவும் ஒன்றே. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு பழைய வண்டிகளின் விலை ஏறிய ஏற்றத்தில், பிழையான வண்டியை எடுத்துவிட்டு மாற்றிக்கொள்ளலாம் என்ற நினைப்புக்கே இடமில்லாமல் போனது. வண்டி வைத்திருந்த இருவரும் எனக்கு நன்கு தெரிந்தவர்கள். ஓடிப் பார்த்துவிட்டுச் சொல்லு என்று திறப்பைத் தந்தார்கள். ஊருக்குள் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுத் தீர்மானிக்க எனக்கு மனம் வரவில்லை. மனைவியையும் மச்சானையும் கூட்டிக்கொண்டு சீகிரியாவுக்குப் புறப்பட்டேன்.

சோளகம் பலமாக வீசுகிற ஆடி மாதம். ஆனையிறவில் இரு பக்கமும் வெட்டவெளி, மறைக்க ஒரு மரமும் கிடையாது. தென்மேற்கிலிருந்து வரும் காற்று வண்டியின் வலப்பக்கத்தில் நேராக அடித்தது. முழுக் கவசம் முன்காற்றைப் பிளக்கும். பக்கக் காற்றுக்கு அது அகலமான பலகை. ஜிக்சரில் இருந்த மச்சானின் வண்டி விட்டுவிட்டு இடப்பக்கம் நகர்வதைப் பின்னாலிருந்து பார்த்தேன். என் ஃபேசரும் அசைந்ததுதான், ஆனால் அவ்வளவு இல்லை. கிளிநொச்சியில் தேத்தண்ணிக்கு நிறுத்தியதும் அவன் முதல் சொன்னது இதைத்தான்: “அத்தான், ஆனையிறவில காத்து என்னை அப்பிடியே தள்ளிக்கொண்டு போச்சு. ஹாண்டிலை இறுக்கிப் பிடிச்சபடி வந்தனான்.”

“இறுக்கிப் பிடிச்சால் இன்னும் ஆடும் தம்பி. கையைத் தளர விட்டு முழங்காலால தாங்கியைப் பிடி” என்றேன். மாங்குளம் தாண்டி இருபுறமும் காடு சூழ்ந்ததும் காற்று அடங்கிவிட்டது. அங்கே நிலைமை தலைகீழ். நேர் வீதி, வண்டியின் ஓட்டத்தில் வரும் எதிர்க்காற்று மட்டும். மச்சான் நெஞ்சை நிமிர்த்திச் சுகமாகப் போனான்; என் தோளில் காற்று மோதிக்கொண்டே வந்தது.

வவுனியாவில் வண்டிகளை மாற்றினோம். மனைவி என்னோடு ஜிக்சரில் ஏறினாள். மதவாச்சிக்குப் பிறகு லொறிகளும் பஸ்களும் கூடும் வீதி அது. ஐம்பதில் போகும் பஸ்ஸை எழுபதுக்குள் முந்துவதுதான் இங்கே ஒரு வண்டியின் உண்மையான வலிமைப் பரீட்சை. இரண்டும் தம் முழு இழுவையைக் காட்டுவது 6000 சுற்றில். ஜிக்சருக்கு 14 நியூட்டன் மீற்றர், ஃபேசருக்கு 12.8. தாளில் பார்த்தால் சிறிய வேறுபாடு. பின்னால் ஒருவரும் இரண்டு பைகளும் இருக்கும்போது அது, நான்காம் கியரிலேயே முந்துவதா, மூன்றுக்கு இறங்கி முந்துவதா என்ற வேறுபாடாகிவிடுகிறது. எதிரே வாகனம் வரும் வீதியில் அந்த ஒரு நொடி பெரிது.

மரதன்கடவலையில் ஏ9ஐ விட்டு ஹபரணைப் பக்கம் திரும்பினோம். யானை கடக்கும் இடம் என்ற பலகைகள் வரத் தொடங்கின. பொழுது சாய்வதற்குள் இந்தப் பகுதியைக் கடந்துவிட வேண்டும் என்பது எங்கள் கண்டிப்பான ஏற்பாடு. இருட்டில் வீதியோரம் நிற்கும் யானை சாம்பல் நிறச் சுவர் போல. கிட்டப் போகும்வரை தெரியாது. அப்படியும் பிந்திவிட்டால் ஃபேசரின் இரட்டை விளக்கு தருகிற அகலமான வெளிச்சம் பெறுமதியானது. அந்தப் புள்ளியை ஃபேசருக்குக் கொடுத்தேன்.

இனாமலுவைச் சந்தியில் இடப்பக்கம் திரும்பினால் சீகிரியாவுக்குச் சுமார் 10 கிலோமீற்றர். அங்கே வேகம் என்ற பேச்சுக்கே இடமில்லை. வாடகைச் சைக்கிளில் போகும் வெளிநாட்டுப் பிள்ளைகள், ஓட்டோக்கள், நடு வீதியில் படுத்திருக்கும் நாய்கள், குறுக்கே பாயும் குரங்குகள். இருபத்தைந்து, முப்பதில் உருட்டிக்கொண்டு போக வேண்டும். மரங்களுக்கு மேலாகக் குன்று திடீரென்று எழும்பி நிற்கிறது. 1831இல் பொலன்னறுவையிலிருந்து குதிரையில் திரும்பிக்கொண்டிருந்த மேஜர் ஜொனதன் ஃபோர்ப்ஸ் என்ற பிரித்தானிய இராணுவ அதிகாரி இதைக் கண்டு எழுதிய பிறகுதான் வெளியுலகத்துக்கு இந்த இடம் தெரிய வந்தது. அவரும் மெதுவாகத்தான் வந்திருப்பார்.

இரவு கிராமத்தில் தங்கி மறுநாள் காலையிலேயே ஏறினோம். 477 முதல் 495 வரை ஆண்ட காசியப்பன், சுற்றுநிலத்திலிருந்து சுமார் 180 மீற்றர் உயர்ந்து நிற்கும் இந்தப் பாறையின் உச்சியில் அரண்மனை கட்டினான். அடிவாரத்தில் தொடங்கும் ஏற்பாட்டைக் கவனித்துப் பாருங்கள். மேற்குப் பக்கச் சமதரையில் தடாகங்களும் கால்வாய்களும் கோடு பிடித்ததுபோல் இரு புறமும் ஒத்து அமைந்திருக்கின்றன. மழைக்காலத்தில் அங்கே நீரூற்றுகள் இன்றும் பொங்குகின்றன. அடுத்து வருவது உருண்டைப் பாறைகள் நிறைந்த பகுதி. அங்கே நேர்கோடே இல்லை. பாதை பாறைகளைச் சுற்றி வளைந்து, இரண்டு பாறைகள் சாய்ந்து உண்டான வாசலுக்குள் நுழைந்து மேலே போகிறது. அதற்கு மேல் சரிவில் படிப்படியான தளங்கள். நிலம் எப்படிக் கிடந்ததோ, அதற்கேற்றபடி வேலை செய்திருக்கிறார்கள். இந்தப் பயணத்தில் நான் தேடிக்கொண்டிருந்த பதில் எனக்கு அங்கே, அந்த வளைவுப் பாதையில் நிற்கும்போது தெளிவாயிற்று. கையில் இருக்கும் நிலத்தைப் பார்த்துத்தான் எதையும் தீர்மானிக்க வேண்டும்.

ஓவியப் பெண்களைப் பார்த்துவிட்டுக் கண்ணாடிச் சுவர் ஓரமாக நடந்தோம். பழைய காலத்துப் பயணிகள் தம் கவிதைகளைக் கீறிவிட்டுப் போன சுவர் அது. பேராசிரியர் பரணவிதான அவற்றில் 685ஐ வாசித்து 1956இல் நூலாக்கினார். குளவிகள் கலையாதிருக்கச் சத்தம் போடாதீர்கள் என்ற எச்சரிக்கைப் பலகையைக் கடந்து, சிங்கப் பாதங்களுக்கு நடுவே நுழைந்து, இரும்புப் படிகளில் உச்சிக்குப் போனோம். மொத்தம் 1200 அளவிலான படிகள். மேலே காற்று ஆளைத் தள்ளியது.

இறங்கி வரும்போது தொடை நடுங்கும். ஏறுவதைவிட இறங்குவதுதான் முழங்காலைத் தின்னும். வாகனத் தரிப்பிடத்துக்கு வந்தபோது மூவருக்கும் கால் சொன்னபடி கேட்கவில்லை. அந்தக் களைப்பில்தான் இரண்டு வண்டிகளில் எது என்ற தீர்ப்பை மனைவியிடம் விட்டேன். ஃபேசரின் சீற் இரண்டு துண்டு. பின் துண்டு ஒரு படி உயரம். அவள் என் தோளைப் பிடித்து, காலைத் தூக்கி, பாதியில் நிறுத்தி இறக்கிவிட்டாள். பிறகு ஜிக்சரின் ஒரே துண்டான நீள சீற்றில் ஏறினாள். ஒரே தூக்கில் கால் மறுபக்கம் போய்விட்டது.

“இஞ்சேருங்கோ, எனக்கு இதுதான் சுகம். அதில நான் உங்கட தலைக்கு மேலால பார்த்துக்கொண்டு வரலாம், ஆனால் ஏற ஏலாது” என்றாள்.

“அக்கா ஏறுறது வருசத்தில எத்தினை நாள்? ஓடுறது அத்தான்தானே?” என்றான் மச்சான்.

கேள்வி நியாயமானது. அவனுக்கு நான் சொன்ன பதில் இதுதான்: தூரப் பயணம் என்று நான் போவதெல்லாம் உன் அக்காவோடுதான். தனியே போவதென்றால் பஸ் இருக்கிறது. நீ வேலை முடித்து இரவில் பரந்தனிலிருந்து தனியே வருகிறவன். உனக்கு அந்த இரட்டை விளக்கும், பக்கக் காற்றுக்கு ஆடாத அரைக் கவசமும்தான் சரி. ஒரே பயணம், ஒரே வீதி, இரண்டு பேருக்கு இரண்டு விடை. இரண்டும் சரியான விடை.

எண்ணெய்க் கணக்கும் பார்த்தோம். 2022இல் எரிபொருளுக்குக் கியூஆர் பங்கீடு தொடங்கியபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர். லீற்றருக்கு 45 கிலோமீற்றர் என்றாலும் 180 கிலோமீற்றர். யாழ்ப்பாணத்திலிருந்து தம்புள்ளைக்கே போய்ச் சேராது. அந்த நாட்களைக் கடந்து வந்தவர்கள் பெற்றோல் செலவை இலேசாக நினைக்கமாட்டார்கள். எங்கள் பயணத்தில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான் குடித்தன. ஆகவே அது தீர்ப்பை மாற்றவில்லை.

நான் ஜிக்சரை எடுத்தேன். பக்கக் காற்றில் அது கூடுதலாக ஆடும் என்பதைத் தெரிந்துகொண்டே எடுத்தேன். ஆனையிறவில் வேகத்தைக் குறைத்துப் போனால் அது தீர்ந்துவிடும். சீற்றின் உயரத்தை அப்படித் தீர்க்க முடியாது.

வண்டி வாங்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். உச்ச வேகத்தைக் கேட்காதீர்கள். ஐம்பதிலிருந்து எழுபதுக்கு எப்படிப் போகிறது, முப்பதில் எப்படி உருளுகிறது என்று பாருங்கள். பின்னால் இருந்து வரப்போகிறவரைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கள், பையையும் கட்டுங்கள். ஒரு முழு நாள் ஓடுங்கள். உடம்பு களைத்துப்போன பிறகு ஒரு தடவை ஏறி இறங்கச் சொல்லுங்கள். காலையில் எல்லா வண்டியும் நல்ல வண்டிதான். பின்னேரம் எதில் ஏற இருவருக்கும் மனம் வருகிறதோ, அதற்குக் காசைக் கொடுங்கள்.