உப்பு பூட்டிய எஞ்சின்

கொல்கத்தாவில் கரியாஹாட்டிலிருந்து பிஜோன் சேதுவைத் தாண்டி இறங்கினால் கஸ்பா. அங்கே ஒரு சந்துப் பட்டறையில், கானிங் பக்கமிருந்து வந்த பழைய டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு எஞ்சின் ஸ்டாண்டில் மாட்டியிருந்தது. அளவுக்கு மீறிச் சூடாகிறதாம். தண்ணீர் பம்பின் ரப்பர் இம்பெல்லரை மாற்ற வேண்டும். அது கியர் கேஸின் தலைமேல் உட்கார்ந்திருப்பதால் கீழ்ப்பாகம் முழுவதையும் இறக்கியாக வேண்டும். அதுவோ அசைய மறுத்தது.

கானிங்கை ஒட்டி ஓடும் மாத்லா ஆற்றில் கடலின் உப்பு ஏறிவரும். அலுமினிய உடம்பில் எஃகு போல்ட் இருந்து, நடுவே உப்புநீர் தேங்கினால், அரிபடுவது அலுமினியம்தான். அதில் விளையும் வெள்ளைப் பொடி உலோகத்தைவிட அதிக இடம் பிடிப்பதால் போல்ட்டை நெரித்துக்கொள்கிறது.

மிஸ்திரி முதலில் பெட்ரோல் டேங்க்கையும் ஹோஸையும் வெளியே வைக்கச் சொன்னார். கியர் மாற்றும் கம்பியைப் பிரித்தார். விசிறிக்கு மேலே இருக்கும் சின்னத் துடுப்புத் தகட்டைக் கழற்றி, அதன் அடியில் ஒளிந்திருந்த போல்ட்டைக் காட்டினார். இதை மறந்துவிட்டுச் சுத்தியலால் அடித்து உடைத்த கேஸ்கள் அவரிடம் நிறைய வந்திருக்கின்றன. ஒவ்வொரு போல்ட்டையும் முதலில் மயிரிழை இறுக்கிவிட்டுத்தான் தளர்த்தினார். ஒன்று மட்டும் மசியவில்லை. அதைச் சுற்றித் துணி சோப்பால் ஒரு கோடு இழுத்துவிட்டு டார்ச்சைப் பற்றவைத்தார்.

"அலுமினியம் சிவக்காது தாதா. சிவக்கும்னு காத்திருந்தா உருகி ஓடிடும்."

660 டிகிரியில் உருகும் உலோகம், அதுவரை நிறத்தால் எந்த எச்சரிக்கையும் தராது. சோப்புக் கோடு பழுப்பாகத் தொடங்கியதும் தீயை நிறுத்தினார். ஒரே சூட்டில் எஃகைப் போல ஏறக்குறைய இரு மடங்கு விரியும் அலுமினியம் பிடியை விட்டது.

போல்ட்டெல்லாம் வந்த பிறகும் உடம்பு பிரியவில்லை. உதவிக்கு நின்ற பையன் இடுக்கில் ஸ்க்ரூடிரைவரைச் செருகி நெம்பப் போனான். "ஜோர் கொரிஷ் நா!" — பலத்தைக் காட்டாதே — என்று மிஸ்திரி அவன் கையைத் தட்டிவிட்டார். ஒரு பக்கம் நெம்பினால் வார்ப்பு விரிசல் விடும். முன்னும் பின்னும் மரஆப்பு வைத்து, மாற்றி மாற்றி மெல்லத் தட்டினார். விரல்கடை திறந்து நின்றது. இனி பிடித்திருப்பது டிரைவ் ஷாஃப்ட். அதன் பல்முனை கிராங்க் ஷாஃப்ட்டுக்குள் துருவேறி ஒட்டியிருக்கிறது. அந்த இடைவெளியில் ஷாஃப்ட்டை அறுத்துவிடலாம். பலரும் அதைத்தான் செய்வார்கள். அறுத்தால் புது ஷாஃப்ட்டுக்கு ஆகும் செலவு படகோட்டியின் தலையில் விழும். துரு இளக்கும் எண்ணெய் விட்டு, ராத்திரி முழுக்க அப்படியே தொங்கவிட்டார். அறுக்காமல் விட்டதற்காகவே அவர்மீது எனக்கு மரியாதை கூடியது.

மறுநாள் ஃப்ளைவீலைச் சற்றே முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டு கீழே இழுத்தபோது ஷாஃப்ட் வந்துவிட்டது. பல்முனையில் செந்துரு, கிரீஸ் இருந்த அடையாளமே இல்லை. கொளச்சல், முட்டம் கரையில் மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சின்களிலும் இதே துருவைப் பார்த்திருக்கிறேன். ஒரு விரல் கிரீஸ் போட்டிருந்தால் இவ்வளவு பாடும் இல்லை. மிஸ்திரி பக்கங்களில் மட்டும் பூசி, உச்சியைத் துடைத்தார். அங்கே கிரீஸ் தேங்கினால் ஷாஃப்ட் முழுசாக உள்ளே போய் உட்காராது.

இம்பெல்லரில் மூன்று இதழ்கள் உடைந்திருந்தன. பம்புக்குள் கிடைத்தது ஒன்றுதான். மற்ற இரண்டும் அடைத்துக்கொண்டால் புது இம்பெல்லர் போட்டும் எஞ்சின் சூடாகும் என்பதால், தண்ணீர்க் குழாயைக் கழற்ற ஆரம்பித்தார்.