டெலிகாவை விற்ற கதை

2025 மார்ச் மாதம் என்னுடைய வாகனத்தை விற்றேன். 'என்னுடைய' என்று எழுதுவது சரிதானா என்பதில்தான் சிக்கல். பதிவுப் புத்தகத்தில் இருந்தது என் பெயர் மட்டுமே. ஆனால் 2003 ஆம் ஆண்டு அதை வாங்கியபோது எண்ணிக் கொடுத்த பணத்தில் சரிபாதி இன்னொருவருடையது. அவர் ஒரு புகைப்படப் பத்திரிகையாளர். இப்போது பிரான்சில் இருக்கிறார்.

வாகனம் ஒரு மிற்சுபிசி டெலிகா. ஜப்பானில் ஓடிக் களைத்து, கப்பலேறி வந்து, இங்கே இரண்டு பேரிடம் கைமாறி எங்களிடம் வந்து சேர்ந்தது. இரண்டரை லீற்றர் டீசல் இயந்திரம். முன் ஆசனங்களுக்குக் கீழேதான் இயந்திரம் இருக்கும் என்பதால் நீண்ட பயணங்களில் சாரதியின் இருக்கை அடுப்பங்கரையாகிவிடும். கியர்த் தடிக்குப் பக்கத்தில் இன்னொரு சிறிய தடி. அதை மாற்றினால் நான்கு சில்லுகளும் இழுக்கும். கூரையில் வரிசையாகக் கண்ணாடி யன்னல்கள். படுத்தபடி வானத்தைப் பார்க்கலாம் என்று நினைத்து ஜப்பானியர் செய்த ஏற்பாடு. வன்னி வெயிலில் அது எவ்வளவு பெரிய தண்டனை என்பதை முதற் பயணத்திலேயே அறிந்து, படங்குத் துணி வெட்டி உட்பக்கமாக ஒட்டினோம்.

2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாகி, ஏ9 வீதியும் திறந்த பிறகு, கொழும்பில் இருந்த பத்திரிகையாளர்கள் எல்லோருக்கும் வடக்கும் கிழக்கும் போகும் வேட்கை பிடித்திருந்தது. போனால் தங்க இடமில்லை. கிடைக்கும் ஓரிரு அறைகளையும் வெளிநாட்டு ஊடகங்கள் முற்கூட்டியே பிடித்துவிடும். 'மச்சான், அறை வாடகைக்குக் குடுக்கிற காசைச் சேத்தால் படுத்தெழும்புற மாதிரி ஒரு வானே வாங்கலாம்' என்றவர் நண்பர்தான். வவுனியாவில் தாயின் பெயரில் இருந்த காணித்துண்டை ஈடுவைத்து நான்கரை இலட்சம் கொண்டுவந்தார். நான் மனைவியின் தாலிக்கொடியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அடைவு வைத்தேன். அந்தக் கதையை வீட்டில் இன்றும் கேட்கலாம்.

பின் ஆசனங்களைக் கழற்றிவிட்டு, தச்சர் ஒருவரைக் கொண்டு மடிக்கக்கூடிய பலகைக் கட்டில் செய்வித்தோம். கட்டிலுக்குக் கீழே இரண்டு பெட்டிகள், ஒரு காஸ் அடுப்பு, 40 லீற்றர் தண்ணீர்த் தாங்கி. கமராவுக்கும் மடிகணினிக்கும் மின்னேற்ற இரண்டாவதாக ஒரு பற்றரி. யன்னல்களுக்குத் திரைச்சீலை, நுளம்பு வலை. இடப்பக்கம் அவருக்கு, வலப்பக்கம் எனக்கு. ஓமந்தையில் இராணுவத்தினர் கட்டில் பலகையைத் தூக்கிப் பார்ப்பார்கள். சூனியப் பிரதேசத்தைக் கடந்து மறுபக்கம் போனால் அங்கே அவர்களும் தூக்கிப் பார்ப்பார்கள். 'இது வானோ, வீடோ? என்னவெண்டு பதியிறது?' என்று புளியங்குளத்தில் ஒரு பொடியன் உண்மையான குழப்பத்தோடு கேட்டான்.

அந்த வாகனத்தின் வாழ்நாளில் அது தன் வேலையைச் செய்த நாட்கள் என்று நான் கருதுவது நான்கே நாட்களைத்தான். ஆழிப்பேரலை வந்த மறுநாள், 2004 டிசம்பர் 27 மாலை, கொழும்பிலிருந்து புறப்பட்டோம். கண்டி கடந்து, மகியங்கனை வீதியின் பதினெட்டு வளைவுகளையும் இருட்டில் இறங்கி, மகாஓயா, அம்பாறை வழியாக விடியும் வேளையில் கல்முனைக்குப் போய்ச் சேர்ந்தோம். கடற்கரையோர ஒழுங்கைகளில் மணலும் ஓடும் கம்பியும் கலந்து கிடந்தன. சாதாரண வாகனங்கள் உள்ளே போக முடியவில்லை. நாங்கள் அந்தச் சிறிய தடியை மாற்றிவிட்டு ஊர்ந்து போனோம். செய்தி எடுக்கப் போனவர்கள் என்பது ஒரு மணி நேரத்தில் மறந்து போயிற்று. மருதமுனையிலிருந்தும் சாய்ந்தமருதிலிருந்தும் காயப்பட்டவர்களை அந்தக் கட்டிலில் கிடத்தி அம்பாறைக்கும் திரும்பவும் ஓடிக்கொண்டிருந்தோம். நண்பர் எடுத்த படங்கள் மிகக் குறைவு. அவருடைய பத்திரிகையில் அதற்காக ஏச்சு வாங்கினார். ஐந்தாம் நாள் மெத்தையை எரித்துவிட்டு வெறும் பலகையில் படுத்தோம்.

2006 ஆகஸ்டில் முகமாலையில் சண்டை மூண்டு ஏ9 மூடப்பட்டது. அதன்பிறகு டெலிகா கொழும்பைவிட்டு அதிகம் நகரவில்லை. எங்கள் வாகனத்தின் நிறம் வெள்ளை. அதை வாங்கும்போது நிறத்தைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. ஆனால் 2006 க்குப் பின்னர் இந்த நாட்டில் 'வெள்ளை வான்' என்ற இரண்டு சொற்களுக்கு வேறொரு பொருள் வந்துவிட்டது. திரைச்சீலை போட்ட வெள்ளை வான் என்றால் கேட்கவே வேண்டாம். ஓர் இரவு பதினொரு மணியளவில், வெள்ளவத்தை ஒழுங்கையொன்றில் இருந்த நண்பரின் வாடகை வீட்டில் அவரை இறக்கிவிடப் போனேன். வாகனத்தின் பக்கக் கதவு இழுபட்ட சத்தத்தோடு அந்த ஒழுங்கையில் வெளிச்சங்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. அவருடைய மனைவி கேற்றடிக்கு வராமல் பின்பக்கத்து மதிலால் குழந்தையைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். நாங்கள் கூப்பிட்ட குரல் அவருக்கு விளங்குவதற்குச் சில நிமிடங்கள் சென்றன.

அடுத்த வாரமே கடும் பச்சை நிறம் பூசினோம். நிறமாற்றத்தைப் பதிவுப் புத்தகத்தில் ஏற்றப் போனபோது அலுவலர் காரணம் கேட்டார். வெள்ளை சீக்கிரம் ஊத்தையாகிறது என்று சொன்னேன். அவர் ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு முத்திரையைக் குத்தினார்.

நிறத்தை மாற்றலாம், தொழிலை மாற்ற முடியாதல்லவா? 2008 இல் அவருக்குத் தொலைபேசி அழைப்புகள் வரத் தொடங்கின. மூன்றாவது அழைப்புக்குப் பிறகு குடும்பத்தோடு விமான நிலையத்துக்கு அவரைக் கொண்டுபோய் விட்டது நானும் இந்த டெலிகாவும்தான். பங்குக் கணக்கு எதுவும் பேசவில்லை. பேசுகிற நேரமும் அதுவல்ல.

அதற்குப் பிந்திய வருடங்கள் குடும்பத்துக்குரியவை. மகள் அந்தக் கட்டிலில் படுத்து நிலாவெளியையும் மன்னாரையும் பார்த்து வளர்ந்தாள். ஒருமுறை அப்புத்தளை ஏற்றத்தில் கொதித்து, இயந்திரத்தின் தலைப்பகுதி வெடித்துப்போயிற்று. இந்த இயந்திரத்துக்கு அது ஊரறிந்த வியாதி. 2022 இல் டீசல் லீற்றர் 460 ரூபாவுக்கு ஏறி, அந்த விலைக்கும் கிடைக்காத நாட்களில், வரிசையில் மூன்று இரவுகள் கிடந்தேன். அந்த வரிசையில் என்னிலும் பெரிய செல்வந்தன் எவனும் இருக்கவில்லை. கட்டில் இருந்தது, தண்ணீர் இருந்தது, அடுப்பில் கொஞ்சம் காஸும் இருந்தது. முன்னால் நின்ற லொறிச் சாரதியும் பின்னால் நின்ற பாடசாலை வான்காரரும் முறைவைத்துத் தூங்கினார்கள்.

பிறகு என் முழங்கால் கிளச்சை மிதிக்க மறுக்கத் தொடங்கியது. மகளின் பல்கலைக்கழகக் கட்டணமும் வந்து நின்றது. 2020 இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் திறக்கப்பட்டதும், இனிப் பழைய வாகனங்களின் விலை விழும் என்று தரகர்கள் பயங்காட்டினார்கள். வாங்க வந்தவன் வெலிகமையைச் சேர்ந்த ஓர் இளைஞன். அறுகம்பேக்கு அலைச்சறுக்கு விளையாட வரும் வெள்ளைக்காரர்களுக்கு வாடகைக்கு விடப்போகிறானாம். கட்டிலைத் தட்டிப் பார்த்து, கூரைத் துணியைக் கிழித்துக் கண்ணாடியைக் கண்டதும் அவன் முகம் மலர்ந்தது. நான் நினைத்ததிலும் மூன்று இலட்சம் குறைத்தே கேட்டான். பெயர்மாற்றத்தைப் பிறகு பார்க்கலாம், திறந்த பத்திரத்தில் கையொப்பமிட்டுத் தாருங்கள் அங்கிள் என்றான். இந்த ஊரில் பாதி வாகனங்கள் அப்படித்தான் கைமாறுகின்றன. நான் மறுத்தேன். தமிழன் ஒருவன் தன் பெயரில் பதிந்த வாகனம் எங்கே யாரிடம் நிற்கிறது என்று தெரியாமல் இரவில் படுப்பது என்றால் என்னவென்று அவனுடைய வயதுக்குத் தெரியாது. திணைக்களத்துக்கு அவனையும் கூட்டிக்கொண்டுபோய்ப் பெயரை மாற்றிய பிறகே விட்டேன்.

'மற்றச் சாவி எங்கே?' என்று அவன் கேட்டபோதுதான் எனக்குத் திக்கென்றது. இரண்டாவது சாவி நண்பரிடம். 2008 இல் அவருடைய காற்சட்டைப் பையிலேயே போய்விட்டது. தொலைந்துவிட்டது என்று சொன்னேன். விலையில் 5,000 ரூபா கழித்தான்.

அன்றிரவுதான் நண்பருக்கு அழைப்பெடுத்தேன். விற்பதற்கு முன்னரே எடுத்திருக்க வேண்டும். பல தடவை நினைத்தேன். அவர் வேண்டாம் என்று சொன்னால் என்ன செய்வது என்ற பயத்தினாலேயே தள்ளிப்போட்டேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். அவர் கத்தவில்லை. 'ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம் மச்சான்' என்றார். பாதிப் பணத்தை அனுப்பப்போகிறேன் என்றேன். எந்தக் கணக்கில் என்று கேட்டார். உண்மையில் அந்தக் கேள்வி என்னிடமும் இருந்தது. 2003 இல் ஒரு டொலர் 97 ரூபா அளவில் இருந்தது. 2025 இல் ஏறத்தாழ 300. அவருடைய நான்கரை இலட்சத்தை எதனால் பெருக்குவது? பதினேழு வருடம் நான் மட்டும் ஓட்டியதற்கு என்ன வாடகை? அப்புத்தளையில் வெடித்த தலைக்கும் வருடாவருடம் கட்டிய காப்புறுதிக்கும் நான் கொடுத்ததை எதிலே கழிப்பது? திருத்தச் செலவையாவது கழியுங்கோ என்றார் மனைவி. அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கத்தான் செய்கிறது. விற்ற விலையில் சரிபாதி, கழிவு எதுவுமில்லை என்று நான் சொன்னபோது மறுமுனையில் நீண்ட நேரம் சத்தமில்லை. பிறகு, வேலைக்குப் போக நேரமாகிறது என்று வைத்துவிட்டார்.

இரண்டு வாரங்கள் எந்தப் பதிலும் இல்லை. மூன்றாம் வாரம் ஒரு குறுஞ்செய்தி வந்தது. வவுனியாவில் இருக்கும் அவருடைய தங்கையின் வங்கிக் கணக்கிலக்கம். வேறொரு சொல்லும் இல்லை. மறுநாள் காலை பணத்தை வைப்பிலிட்டு, பற்றுச்சீட்டைப் படமெடுத்து அனுப்பினேன். பார்த்துவிட்டார் என்பதற்கான அடையாளம் வந்தது.

சாவியைப் பற்றி நானும் கேட்கவில்லை.