வேடம் கலைத்த பின்

மதரஸாவில் ஓதிக் கொடுக்க நான் அமர்ந்து முப்பது ஆண்டுகள் ஆகின்றன. தொடக்க நாட்களில் என் குரலைக் குறித்து எனக்குப் பெருமிதம் உண்டு. அதைக் கேட்டாலே வகுப்பு அடங்கிவிடும். ஒருநாள், பாடம் ஒப்பிக்கத் திணறிய சிறுவன் ஒருவன் மீது அந்தக் குரலை முழு வலிமையோடும் ஏவினேன். நடுங்கிப் போனான். மறுநாள் அவன் வரவில்லை. வீடு தேடிச் சென்று அழைத்தேன். கதவுக்குப் பின்னால் நின்றவன் வெளியே வரவே இல்லை.

அந்தக் கதவு நினைவுக்கு வரும்போதெல்லாம், சங்கரதாஸ் சுவாமிகளின் வாழ்வும் உடன் நினைவுக்கு வரும்.

1867-ஆம் ஆண்டு, தூத்துக்குடிக்கு அருகிலுள்ள காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர் அவர். பழனி தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் பயின்று, பின்னர் நாடக மேடை ஏறினார். இரணியன், இராவணன், எமன், சனீசுவரன் என்று அச்சம் தரும் வேடங்களே அவருக்குப் புகழ் தேடித் தந்தன. ஒரு நாடகத்தில் எமனாக அவர் முழங்கியதைக் கேட்ட கருவுற்ற பெண்ணொருத்திக்குக் கரு கலைந்தது என்பர். சனீசுவரன் வேடத்தைக் கலைக்க விடியலில் நீர்த்துறைக்குச் சென்றவரைக் கண்ட மற்றொரு பெண் அதிர்ச்சியில் மாண்டாள் என்றும் நாடக உலகில் ஒரு செய்தி வழங்கி வருகிறது. இவற்றால் மனம் நொந்த சுவாமிகள், நடிப்பதையே நிறுத்திக் கொண்டார் என்பது அவ்வரலாறு.

வேறொருவராயின் அதனைத் தம் நடிப்பின் வெற்றி என்று கொண்டாடியிருப்பார். சுவாமிகளோ அரிதாரத்தைக் கழுவிவிட்டு எழுத்தாணியை எடுத்தார். வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி என நாடகங்கள் பல பிறந்தன. 1918-இல் மதுரையில் சிறுவர்களைக் கொண்டு தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தோற்றுவித்து, அவர்களுக்கு ஆசிரியராக விளங்கினார். டி. கே. சண்முகம் சகோதரர்கள் அங்கே வளர்ந்தவர்கள். சிறுவர் சண்முகம் நடிப்பதற்கென்றே 'அபிமன்யு சுந்தரி' நாடகத்தைப் பாடல்களோடு ஒரே இரவில் சுவாமிகள் எழுதி முடித்ததை, அச்சண்முகமே பிற்காலத்தில் நன்றியோடு நினைவு கூர்ந்திருக்கிறார்.

இறுதி நாட்களில் பக்கவாதம் தாக்கிச் சுவாமிகள் பேச்சிழந்தார். 1922 நவம்பர் 13 அன்று புதுவையில் மறைந்தார். அரங்கை அதிர வைத்த குரல் அவருக்கு முன்பே அடங்கிவிட்டது. அவர் எழுதித் தந்த சொற்களோ பிள்ளைகளின் வாயில் ஒலித்துக் கொண்டிருந்தன. வள்ளி திருமணம் ஊர்த் திருவிழாக்களில் இன்றும் நடிக்கப்பெறுகிறது.

மேடையில் நின்றவர் தாமே முழங்கினார். எழுத அமர்ந்தவர் பிறரைப் பேச வைத்தார். இரண்டாவதே ஆசிரியனுக்கு உரிய பணி என்பதை நான் காலம் தாழ்த்தி உணர்ந்தேன். நாவும் ஓர் அமானிதமன்றோ?

அந்தச் சிறுவன் பிறகு ஓத வரவே இல்லை. அவனுக்குப் பின் வந்தவர்களுள் யாரேனும் திணறினால், அருகில் அமர்த்திக் கொண்டு, பாடத்தைப் பலகையில் எழுதிக் கொடுக்கிறேன். அவர்கள் உரக்க ஓதுகிறார்கள். நான் தாழ்ந்த குரலில் திருத்துகிறேன்.